கல்லமேட்டு எலும்பு எங்கே?

நியூசிலாந்தில் 2023-இல் ஒரு ராட்சதப் பென்குவினுக்குக் குமிமானு இனத்தில் பெயர் சூட்டினார்கள். சிறகெலும்பை அளந்து, எடை சுமார் 150 கிலோ என்றார்கள். சந்தேகப்பட்டால் மறுபடி அளக்கலாம். எலும்பு அங்கே மியூசியத்தில் இருக்கு.

நம்ம பக்கத்துக் கதை வேறே. நெய்வேலிக்குத் தென்மேற்கே அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த டைனோசருக்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டுமே 2 மீட்டர்! யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980-களில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் மாமிசம் தின்னும் வகை என்றார்கள். 1995-இல் இலைதழை தின்னி என்றானது. அந்த அளவே சரியா என்று கேட்டவர்களும் உண்டு. காட்ட எலும்பு இல்லை. ஈரத்தில் பொடிப்பொடியா உதிர்ந்துபோச்சு!

ஃபீல்டு புக் இல்லாமல் சர்வே ரிசல்ட்டை நீட்டினால் சார் விடுவாரா, நண்பர்களே? 2022-இல் வெளியான பழைய போட்டோக்கள்தான் இப்போது நம் ஃபீல்டு புக்.