முயலுக்குக் கேரட் மட்டும் போதுமா?

ஏற்காட்டில் எங்கள் பள்ளி ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முயல், இரண்டு நாள் தீனியைத் தொடாமல் கிடந்து இறந்துபோனது. "கேரட்டும் முட்டைக்கோஸும் நிறையத்தானே கொடுத்தேன், டீச்சர்?" என்று கேட்டாள். அதற்கு விடை முயலின் குடலில் இருக்கிறது, பாடமாகவே நடத்தினேன்.

மலைக்குளிர் முயலுக்கு ஏற்றது. கொடைக்கானல் அருகே மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையத்திலும் முயல் வளர்க்கிறார்கள். நம் ஊரிலும் குளிருக்குக் குறைவில்லை. கவனம் வேண்டியது தீனியில்தான்.

முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பெரிய பை ஒன்று உண்டு. அதில் வாழும் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்கின்றன. அங்கிருந்து மென்மையான உருண்டைகளாக வெளியேறுவதை முயல் மறுபடியும் உண்டு சத்தைப் பெறுகிறது. (இதைச் சொன்னதும் வகுப்பே முகம் சுளித்தது, ஆனால் ஒருவரும் மறக்கவில்லை.) நார் குறைந்து சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடினால் நுண்ணுயிரிகளின் சமநிலை கெடும், வாயு சேரும், குடல் அசைவு நிற்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

ஆகவே உணவில் பெரும்பங்கு புல்லும் வைக்கோல்போல் உலர்த்திய புல்லும்தான். வாழ்நாளெல்லாம் வளரும் பற்கள் தேய்வதும் அதை மென்றுதான். பிறகே கீரை: கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் மேல் இலை ஆகியவற்றைக் கழுவி, ஈரம் வடித்து, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கோப்பை அளவு தரலாம். கேரட் கிழங்கு நமக்கு மிட்டாய் மாதிரி. விரற்கடை அளவு போதும். முட்டைக்கோஸ் எப்போதாவது ஓர் இலை. புதிய கீரையைச் சிறிதளவு கொடுத்து, புழுக்கை இளகுகிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும்.

நம் மலையில் தனியாகச் சொல்ல வேண்டியது பட்டர் ஃப்ரூட். காபித் தோட்டங்களில் சாதாரணமாகக் கிடைப்பதால் பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்துவிடுவார்கள். பழம், தோல், கொட்டை, இலை எல்லாமே முயலுக்கு நஞ்சு. வேலியோர உண்ணிச்செடி, உருளை, தக்காளி ஆகியவற்றின் இலைகள், வெங்காயம், பூண்டு, பயறு வகைகள் எதுவும் கூடாது.

அரைநாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் உடனே கால்நடை மருந்தகம் செல்ல வேண்டும். வீட்டிலுள்ள அமாக்ஸிசிலின் போன்ற மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் அதுவே உயிரைப் பறிக்கும்.

மறுநாள் மாணவர்களை இலைகள் கொண்டுவரச் சொல்லி, 'தினமும்', 'எப்போதாவது', 'வேண்டவே வேண்டாம்' என மூன்று தாள்களில் பிரித்து வைக்கச் செய்தேன். உண்ணிச்செடி இலையைப் பறிப்பவர் கை கழுவட்டும். காட்டு முயல் குட்டியை யாரேனும் கொண்டுவந்தால் மட்டும் வாங்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.