தண்ணி எடுக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

நிலம் ரெடி, கரன்ட் ரெடி, அரசு அனுமதியும் ரெடி. அப்புறம் என்ன, ஆலையை ஓட்ட வேண்டியதுதானேன்னு நினைக்கிறீங்களா? தமிழக எல்லையை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் பிளாச்சிமடாவின் கதையைக் கேளுங்க.

2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. முக்கிய மூலப்பொருள் நிலத்தடி நீர். கொஞ்ச நாளிலேயே, கிணறு வத்துது, தண்ணி குடிக்க முடியல, சோறு வேகலன்னு சுற்றியிருந்த மக்கள் புகார் சொன்னாங்க. ஆலைக் கழிவை உரம்னு விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. 2003-ல் சோதித்தபோது அதில் காட்மியம் இருந்தது. 2002 ஏப்ரல் 22-ல் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக நின்றவர் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்.

இதில் நம்ம பாடமும் இருக்கு. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது, அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் கீழே இறங்கும். ஆலையின் காம்பவுண்டு சுவர் நிலத்துக்கு மேலேதான். கீழே சுவர் கிடையாது. பக்கத்து வீட்டுக் கிணற்றின் ஆழம் குறைவு என்பதால் முதலில் வத்துவது அதுதான்.

மழை குறைஞ்சதுதான் காரணம் என்றது நிறுவனம். பெருமாட்டி பஞ்சாயத்து 2003-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2005-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், வழக்கமான மழை பெய்தால் தினமும் 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம்னு சொன்னது. ஆனாலும் ஆலை பழையபடி தொடர்ந்து ஓடவே இல்லை! மறுபடி திறக்கும் எண்ணம் இல்லைன்னு 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனமே சொல்லிவிட்டது. கோர்ட் அனுமதி கிடைச்சது, ஊர் அனுமதி கிடைக்கல.

நாளைக்கு நீங்க இப்படி ஒரு பிளான்ட்டில் வேலைக்குப் போனா என்ன செய்யலாம்?

1. மோட்டார் போடும் முன்பே, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டே அளந்து வையுங்க. காரணம் மழையா, ஆலையா என்ற சண்டைக்கு அந்தக் கணக்குதான் சாட்சி.
2. தினமும் எவ்வளவு எடுக்கிறோம்னு கேட்டிலேயே தமிழில் எழுதிப் போடுங்க.
3. நீர்மட்டம் எந்த அளவுக்கு இறங்கினால் உற்பத்தியைக் குறைப்போம்னு முன்கூட்டியே எழுதிக் கொடுங்க.
4. கூட்டம் போட்டால் தலைவரை மட்டும் கூப்பிடாதீங்க. குடம் தூக்குறவங்களையும் கூப்பிடுங்க. கிணறு வத்துவது முதலில் அவங்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் பி.ஆர்.ஓ. பார்க்கிற வேலைன்னு ஒதுங்காதீங்க. பம்ப் சைஸை முடிவு பண்றது நாமதானே?