ஜிஹாத்: பழைய தீர்ப்பைத் தீவிரவாதிகள் திரித்தது எப்படி?

ஜிஹாத் என்ற அரபுச் சொல்லுக்குப் பெருமுயற்சி என்பது பொருள். தீய எண்ணங்களை அடக்குவதும் ஜிஹாத், போரும் ஜிஹாத். ஆனால், போரை அறிவிக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கே உண்டு, பெண்களையும் குழந்தைகளையும் குறிவைத்துக் கொல்லக்கூடாது என்று இடைக்கால அறிஞர்கள் வரம்பு கட்டினர். அந்த வரம்பு எப்படி உடைந்தது என்பதற்கு 'மார்டின் தீர்ப்பு' ஓர் எடுத்துக்காட்டு.

மாறிய ஒரு சொல்

இன்றைய துருக்கியிலுள்ள மார்டின், அன்று மங்கோலியரின் பிடியில் இருந்தது. அந்நகர் பற்றி டமாஸ்கஸ் அறிஞர் இப்னு தைமியாவிடம் (1263-1328) கேட்கப்பட்டது. அங்குள்ள முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் காக்கப்பட வேண்டும். நெறி மீறுவோரை அவரவர்க்குத் தக்கபடி 'நடத்த வேண்டும்' என்றார் அவர். 1909இல் அச்சான பதிப்பிலோ, அது 'எதிர்த்துப் போரிட வேண்டும்' என்றிருந்தது. அரபியில் 'யுஆமல்', 'யுகாத்தல்' இரண்டும் எழுத்தில் நெருக்கமானவை. நம் ஏட்டுச்சுவடிகளிலும் இத்தகைய பாடபேதங்கள் உண்டு.

பிழை மட்டுமே காரணமன்று. இஸ்லாத்தை ஏற்ற பிறகும் படையெடுத்து வந்த மங்கோலியரை எதிர்க்கலாம் என்றும் இப்னு தைமியா கூறியிருந்தார். எகிப்தியரான அப்துஸ் ஸலாம் ஃபரஜ், மங்கோலியர் இருந்த இடத்தில் தம் நாட்டு ஆட்சியாளரை வைத்தார். ஜிஹாத் ஒவ்வொருவரின் கடமை என்றும் எழுதினார். 1981 அக்டோபர் 6இல் அதிபர் அன்வர் சதாத்தை அவரது குழுவினர் சுட்டுக் கொன்றனர்.

2010 மார்ச்சில் மார்டினிலேயே கூடிய இஸ்லாமிய அறிஞர்கள், அச்சுப் பிழையைச் சுட்டிக்காட்டி, அத்தீர்ப்பு வன்முறைக்கு ஆதாரமாகாது என அறிவித்தனர்.

தமிழிலும் வந்த நஞ்சு

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் நாளில் இலங்கையில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தமிழ்க் குழந்தைகளும் பலியாயினர். தாக்குதல் கும்பலின் தலைவன் ஸஹ்ரான் ஹாஷிம் தமிழில் பேசிக் காணொளிகள் பரப்பியவன். கொலையாளிகளின் உடல்களை ஏற்க இலங்கை உலமா சபை மறுத்தது.

மலேசியாவிலும் 2016 ஜூனில் பூச்சோங் கேளிக்கை மையத்தில் கையெறி குண்டு வீசப்பட்டு 8 பேர் காயமடைந்தனர். அதன் பின்னணியில் ஐஎஸ் இருந்ததாகக் காவல்துறை உறுதிப்படுத்தியது.

ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மகா மாரியம்மன் ஆலயமும் சில நிமிட நடைத் தூரத்தில் தலைமுறைகளாக நிற்கின்றன. புலனத்தில் வரும் ஒரு காணொளி அந்த உறவைக் கெடுத்துவிடக் கூடாது. பழைய தீர்ப்பு என்று யாராவது எதையாவது காட்டினால், அது எந்தக் காலத்தில், யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது, முழு வாசகம் என்ன என்று கற்றறிந்தவரிடம் கேட்டறிவதே நல்லது. பகிர்வதை அதன் பிறகு யோசிக்கலாம்.