கடல் கடந்த முதல் மனிதர்

மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்று படித்திருப்பீர்கள். அங்கிருந்து ஆசியாவுக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் நாற்புறமும் கடல் சூழ்ந்த ஆஸ்திரேலியாவை ஆதிமனிதன் எவ்வாறு அடைந்தான்?

பனியூழிக் காலத்தில் பெருமளவு நீர் நிலத்தின்மேல் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. எனவே கடல்மட்டம் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய தீவுகள் ஆசியாவுடன் இணைந்திருந்தன. நியூகினியும் டாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியாவுடன் ஒரே நிலமாக இருந்தன.

அப்படியானால் நடந்தே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. இவ்விரு நிலங்களுக்கும் இடைப்பட்ட கடல் மிக ஆழமானது. அப்போதும் அது வற்றவில்லை. இதற்கு விலங்குகளே சாட்சி. ஜாவாவில் வாழ்ந்த புலி ஆஸ்திரேலியாவை எட்டவில்லை. கங்காரு ஜாவாவுக்கு வரவில்லை.

மனிதனோ தீவுக்குத் தீவு தாவி, பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள கடலையும் தாண்டினான். மரமும் மூங்கிலும் மட்கிவிடுமாதலால் அவன் சென்ற கலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரிப் பகுதியில் 1968-லும் 1974-லும் கண்டெடுக்கப்பட்ட மனித எலும்புகள் சுமார் 40,000 ஆண்டுப் பழமையானவை.

புயலில் சிக்கிய ஓரிருவர் கரை ஒதுங்கியிருக்கலாகாதா? ஓரிருவரால் ஓர் இனம் நிலைக்காது. குறைந்தது 1,300 பேராவது சென்றிருக்க வேண்டும் என்கிறது 2019-ல் வெளியான ஒரு கணிப்பு. இது தற்செயலாக நடக்கக்கூடியதன்று. கலம் கட்டவும், கூடிப் பேசித் திட்டமிடவும் தெரிந்த மக்களுக்கே இது இயலும்.

அம்மக்களின் வழித்தோன்றல்களே இன்றைய ஆஸ்திரேலியப் பழங்குடியினர். அவர்களை நாகரிகமற்றவர் என்று ஏளனம் செய்வோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.