துளை ஆழமானால் தண்ணீர் பெருகுமா?

"கிணறு சித்திரையில் வற்றிப் போகிறது. கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடலாமா?" விவசாய அன்பர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. புதிய சாதனம் வந்தால் முன்னேற்றமும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இறவைப் பாசனம் மாறி வந்த விதத்தைப் பார்த்தால், கடன் வாங்குமுன் சற்று யோசிக்கத் தோன்றும்.

முன்பு கவலையில் இறைத்தோம். மாடு களைத்ததும் அவிழ்த்து விடுவோம்; அதற்குள் கிணறு ஊறிவிடும். பிறகு ஆயில் என்ஜினும் மின்மோட்டாரும் வந்தன. மோட்டார் களைப்பதில்லை. ஆயினும் மேலே வைத்த பம்பினால் சுமார் 25 அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச முடியாது. அதுவே ஒரு வரம்பாக இருந்தது. கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கினோம். கம்ப்ரசரும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தபின் அந்த வரம்பும் போயிற்று. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் நீரை ஏற்றும் ஆழம் இரட்டித்தால், அதே 5 குதிரைத்திறன் ஏறக்குறையப் பாதித் தண்ணீரையே ஏற்றும். கட்டணச் சீட்டு வராததால் இந்த நஷ்டம் நம் கண்ணில் படுவதில்லை.

பக்கத்து வயல்காரர் 300 அடி துளை போட்டால் நமது 60 அடிக் கிணறு வற்றுகிறது. நாமும் கடன்பட்டு 350 அடி போகிறோம். அவர் 500 அடி போகிறார். இந்தப் போட்டியில் கடைசிவரை நிற்பவர் இரண்டு ஏக்கர்காரர் அல்ல.

திருமயம், பொன்னமராவதிப் பக்கம் பாறைப் பூமி. நீர் பாறை வெடிப்புகளில்தான் இருக்கும். வெடிப்பு அகப்படாவிட்டால் துளை போட்ட பணம் மண்ணோடு போயிற்று. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் மணற்பாங்கான படிவுகளில் ஆழத்திலும் நீர் கிடைக்கும். எங்கே எடுத்தாலும் அது மழை போட்ட முதல்தான். மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நெல்லுக்கோ சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஒரு வயலில் விழும் மழை அந்த வயலின் நெல்லுக்கே போதாது என்பது இதிலிருந்து விளங்கும். ஆகவேதான் முன்னோர் மேட்டு நிலத்து மழையையும் சேர்த்துப் பிடிக்க 5,000க்கும் மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் வெட்டினார்கள். குமிழி மடை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை இம்மாவட்டத்துக் கல்வெட்டுகளில் இன்றும் காணலாம். கண்மாய் நிறைந்தால் சுற்றுக் கிணறுகளும் ஊறும். மோட்டார் வந்த பின்னர் வரத்து வாரியை வெட்ட ஆள் வரவில்லை, கண்மாய் தூர்ந்தது.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆழத்தில் நீர் இருந்தும் எடுக்க வழியில்லை. மறு ஆண்டு கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரத்து இளைஞர்கள் தாமே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். அதற்கு உதவியது மண்வெட்டி அல்ல, பொக்லைன் இயந்திரம். வாரியை மேவி மனை போடுவதற்கும் அதே பொக்லைன்தான் வருகிறது என்பது வேறு விஷயம்!

இப்போது மானியத்தில் சூரியசக்தி பம்புசெட்டு கிடைக்கிறது. மின்சாரத்துக்குக் காத்திராமல் பகலிலேயே இறைக்கலாம்; நல்ல வசதிதான். எனினும் வெயில் உள்ளவரை ஓடுகிறதே என்று ஓடவிட்டால், கிணறு ஊற நேரம் ஏது? சொட்டுநீர்ப் பாசனமும் அப்படியே. மல்லிகைக்கும் காய்கறிக்கும் மிக ஏற்றது. ஆனால் மிச்சமான நீரைக் கொண்டு இன்னும் ஓர் ஏக்கர் கூட்டினால், நிலத்தடியில் மிச்சம் ஒன்றுமில்லை.

ஆகவே கடன் எழுதுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, ஆண்டுதோறும் தை மாதத்திலும் சித்திரையிலும் உங்கள் கிணற்று நீர்மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். சித்திரையில் இறங்கிய மட்டம் தையில் பழைய இடத்துக்கே ஏறினால் பயமில்லை. நல்ல மழை பெய்தும் ஒவ்வொரு தையிலும் இறங்கிக்கொண்டே போனால், புதுத் துளையும் சில ஆண்டுகளில் அதே கதிக்கு வரும். அப்படியும் துளை போட்டே தீரவேண்டும் என்பவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் நிலத்தடி நீர் ஆய்வு செய்துகொண்டு இடம் குறிக்கவும்.

கிணற்று நீரை நம்பி இரண்டாம் போகம் நெல் வைப்பவர்கள் உளுந்தை எண்ணிப் பார்க்கலாம். அதற்கு 300 மில்லிமீட்டர் நீர் போதும். நமது வம்பன் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் 2016இல் வெளியிட்ட வம்பன் 8 ரகம் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி, 75 நாட்களுக்குள் அறுவடைக்கு வரும். விதை இருப்பு பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கவும்.