நோயாளி தரும் ஐந்து நட்சத்திரம் எதை அளக்கிறது?

வீடியோ அழைப்பு முடிந்து மருத்துவரின் முகம் மறைந்ததும், இன்றைய ஆலோசனை எப்படி இருந்தது என்று கேட்டபடி திரையில் ஐந்து நட்சத்திரங்கள் வந்து நிற்கின்றன. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. மாத்திரையும் வாங்கியாகவில்லை. ஆனாலும் பலர் ஐந்தையும் தொட்டுவிட்டுப் போனைக் கீழே வைக்கிறார்கள். இப்படித் திரளும் மதிப்பெண்ணைத்தான் தொலைமருத்துவச் செயலிகள் தங்கள் சேவையின் தரத்துக்குச் சான்றாகக் காட்டுகின்றன. உடம்பு தேறியதா என்பதை அந்த மதிப்பெண் சொல்வதில்லை. பிறகு அது எதைத்தான் சொல்கிறது?

முதலில் எத்தனை பேர் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்று பார்ப்போம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் பேசும் ஓ.பி. வசதியும் அதில் சேர்ந்தது. செல்பேசி எண்ணைப் பதிவுசெய்து, ஓ.டி.பி. போட்டு, டோக்கன் எடுத்துக் காத்திருந்தால் மருத்துவர் திரையில் வருவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு செல்பேசிக்கே வந்துவிடும். ஆரம்ப மாதங்களில் இதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் 10 கோடி ஆலோசனைகளை இந்தச் சேவை தாண்டியது. பயனடைந்தவர்களில் 57 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்று சுகாதார அமைச்சகம் அப்போது தெரிவித்தது.

அந்த 57 சதவீதம் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கிராமத்தில் ஒரு பெண் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவதென்றால் விடிகாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு இன்னொரு வரிசை. துணைக்கு வருபவருக்கும் சேர்த்து அன்றைய கூலி போச்சு. வீட்டில் பிள்ளைக்குச் சோறு போட ஆள் பார்த்து வைக்க வேண்டும். இத்தனையும் மிச்சமாகும்போது மனசு நிறையத்தானே செய்யும்? அந்த நட்சத்திரங்களில் ஒரு பங்கு மருத்துவருக்கு; பெரும்பங்கு, இழக்காமல் போன அந்த ஒரு நாளுக்கு. அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் சிகிச்சை சரியாக இருந்ததா என்பது வேறு கேள்வி.

குறை சொல்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'கையைப் பிடிச்சுக்கூடப் பாக்கலையே' என்பதுதான் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் சொல். காது மந்தமானவருக்கு மருத்துவர் பேசுவது பாதிதான் கேட்கும். சிக்னல் அறுந்தால் பேச்சும் அறுந்துவிடும். தொண்டையை டார்ச் அடித்துப் பார்க்கவோ, வயிற்றை அழுத்தி எங்கே வலிக்கிறது என்று கேட்கவோ திரைக்கு அப்பால் இருப்பவரால் முடியாது.

இதற்கு ஒரு பதிலைத் தேனி வட்டாரத்தில் பார்க்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுப்பகுதியில் பெரியகுளம், போடி போன்ற ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களை அமைத்தது. அப்போது அங்கே நல்ல இணையம் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபுரங்களில் ஆன்டெனா பொருத்தி, நெடுந்தூர வைஃபை வழியாக அந்த மையங்களைத் தேனி அரவிந்த் மருத்துவமனையோடு இணைத்தார்கள்.

மையத்தில் மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊழியர் இருக்கிறார். பெரும்பாலும் அவரும் கிராமத்துப் பெண்தான். வந்தவரின் தாடையை ஸ்லிட் லாம்ப் கருவியில் பொருத்தி, இமையை விரலால் மெல்லத் தூக்கி, வெளிச்சக் கீற்றை விழியில் பாய்ச்சிப் பார்க்கிறார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி பவர் கணக்கிடுகிறார். கண்டதைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் மருத்துவர் திரையில் வந்து நோயாளியிடம் பேசுகிறார். கண்ணாடி தேவைப்பட்டால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கண்புரை போன்றவற்றுக்கு மட்டுமே மருத்துவமனைக்குப் பயணம். தொடுவதற்கு ஒரு கை அருகில் இருப்பதால், 'தொட்டுப் பார்க்கவில்லை' என்ற குறைக்கே இங்கு இடமில்லை. இ-சஞ்சீவனியிலும் ஆலோசனைகளில் பெரும்பகுதி நோயாளி தனியாகச் செயலியைத் திறந்து நடந்தவை அல்ல. கிராமச் சுகாதார மையத்தில் ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருந்து நடத்திக்கொடுத்தவை. தொலைமருத்துவத்துக்குச் செலவிடும் பணத்தில் செயலிக்குப் போவதைவிட இந்த ஊழியர்களுக்குப் போவது மிகுதியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, நோயாளி திருப்தியாக இருந்தால் சிகிச்சையும் நன்றாக இருந்தது என்று கொள்ளலாமா? இங்கேதான் கவனம் தேவை. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சளி, இருமல், தொண்டைவலி போன்ற சுவாசத் தொற்றுகளுக்காக இணையவழி மருத்துவர்களிடம் நடந்த 8,437 ஆலோசனைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மருந்தே எழுதாத மருத்துவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் 72.5 சதவீதம். ஆன்டிபயாடிக் அல்லாத மருந்து எழுதியவருக்கு 86 சதவீதம். ஆன்டிபயாடிக் எழுதியவருக்கு 90.9 சதவீதம். இத்தகைய தொற்றுகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. வேண்டாத மாத்திரை, பின்னாளில் உண்மையிலேயே தேவைப்படும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போக வழிவகுக்கிறது. 'இது தானாகச் சரியாகும், கஞ்சி குடித்து ஓய்வெடுங்கள்' என்று உண்மையைச் சொன்ன மருத்துவருக்கு மதிப்பெண் குறைகிறது. அந்த மதிப்பெண்ணை வைத்தே நிறுவனம் தன் மருத்துவர்களை எடைபோட்டால், அடுத்த அழைப்பில் அவர் என்ன எழுதுவார்?

நம் நாட்டு விதிகளும் இதே இடத்தில் நோயாளியின் மனத்தாங்கலுக்குக் காரணமாகின்றன. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் மருந்துகளைப் பட்டியலிட்டுப் பிரித்திருக்கின்றன. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். சில மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமானால் வீடியோ கட்டாயம். வேறு சிலவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு அதே நோய்க்காக மட்டுமே கூடுதலாக எழுத முடியும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றை எழுதவே கூடாது; தூக்க மாத்திரைகளில் சில அதில் அடக்கம். கேட்ட மாத்திரை கிடைக்காதவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால், விதிப்படி நடந்தவருக்குத்தான் அந்த அடி விழுகிறது.

அப்படியானால், அழைப்பு முடிந்த அந்த நொடியில் மதிப்பெண் கேட்பதைக் குறைத்து, ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டும். மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது புரிந்ததா, இதே தொல்லைக்காக வேறு மருத்துவரைத் தேடிப் போக நேர்ந்ததா, எந்த அறிகுறி வந்தால் உடனே நேரில் வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னாரா என்பவை அப்போது கேட்க வேண்டியவை. செயலியைத் தொடவே தெரியாதவர்களிடமும் சிக்னல் இல்லாமல் அழைப்பு அறுந்துபோனவர்களிடமும் சுகாதார ஊழியர்களே வீடு தேடிப்போய்க் கேட்கலாம். நட்சத்திரக் கணக்கில் இவர்கள் யாருமே இல்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் செய்ய வேண்டியது, பேச்சை நீட்டாமல் 108-ஐ அழைக்கச் சொல்லி, பக்கத்து மருத்துவமனைக்கு உடனே அனுப்புவது. மருந்துச் சீட்டு இருக்காது, பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அந்த அழைப்புக்கு மதிப்பெண் கேட்கக் கூடாது. அவர் மருத்துவமனை போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்க, அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஓர் அழைப்பு போக வேண்டும்.