அக்கரைக் குடித்தனம் – 17: கணக்கில் மட்டும் இருந்த அறை

டெக்சஸில் சாலையோரமெல்லாம் புளூபானெட் பூத்து நீலமாகக் கிடக்கும் நாட்களில்தான் அந்தக் கடிதமும் வரும். கவுன்ட்டியின் மதிப்பீட்டு அலுவலகம் அனுப்புவது. ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி உங்கள் வீடு இவ்வளவு பெறும் என்று அதில் ஓர் எண் இருக்கும். 2022 ஏப்ரலில் எங்களுக்கு வந்ததில் 5,12,000 டாலர் என்று போட்டிருந்தது. வீடு வாங்கி ஓராண்டு நிறையவில்லை. "நம்ம வீட்டு விலை ஏறிடுச்சே" என்று மனைவிக்குச் சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விற்கிற எண்ணமே இல்லாதவனுக்கு விலை ஏறினால் ஏறுவது வரி மட்டும்தானே?

போன வாரம் வீட்டுக் கடனைப் பற்றி எழுதியிருந்தேன். கடன் முப்பது வருடத்திலாவது தீரும். வீட்டு வரிக்கு முடிவு கிடையாது. நம் ஊரில் சதுர அடியையும் தெருவையும் பார்த்து அரையாண்டுக்கு ஒரு தொகை போடுவார்கள். சென்னையில் 1998க்குப் பிறகு பொதுச் சீராய்வு 2022இல்தான் வந்தது. டெக்சஸில் பெரும்பாலான கவுன்ட்டிகளில் ஆண்டுதோறும் சந்தை விலையைப் பார்த்து மதிப்பை மாற்றுகிறார்கள். மாநில வருமான வரி இங்கே இல்லை. பள்ளி, கவுன்ட்டி, நகரம், சமுதாயக் கல்லூரி என்று ஆளாளுக்கு ஒரு விகிதம் வைத்து வீட்டின் மேல்தான் ஏற்றுகிறார்கள். எங்கள் பகுதியில் அப்போது எல்லாம் சேர்த்து நூறு டாலருக்கு இரண்டேகால் டாலரை ஒட்டி வந்தது. அதில் பெரும்பங்கு பள்ளிக்கு.

பள்ளிக்குப் போகும் பணத்தில் எனக்கு வருத்தம் கிடையாது. என் மகள் ஒரு பைசா கட்டணமில்லாமல் படித்ததும், மஞ்சள் பேருந்து வாசலுக்கு வந்து அழைத்துப் போனதும் அந்தப் பணத்தில்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல், சர்க்கார் கடிதம் என்றாலே கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிற நம்மவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

முதலில், கையெழுத்துப் போட்டாலே கிடைக்கிற சலுகை. சொந்தமாக வாங்கிக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. பள்ளி வரி போடும்போது வீட்டின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்குப் போடுவார்கள். 2015இல் 25,000 டாலராக இருந்த இந்தக் கழிவு, 2022இல் 40,000, 2023இல் 1,00,000 என்று உயர்ந்து, 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆகியிருக்கிறது. விண்ணப்பத்தை ஒருமுறை கொடுத்தால் போதும். கட்டணம் கிடையாது. 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்டு வரும் தபாலைக் கிழித்துப் போடுங்கள். மறந்துவிட்டவர்கள் இரண்டு ஆண்டு வரை பின்தேதிக்கும் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: வேலை மாறி வேறு ஊருக்குப் போய், பழைய வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் விலக்கு முடிந்ததைத் தெரிவித்துவிட வேண்டும். கண்டுபிடித்தால் ஐந்தாண்டு வரை பின்னோக்கி வசூலிப்பார்கள்.

விலக்கோடு ஒரு வேலியும் வரும். வரி போடும் மதிப்பை ஒரே ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதனால்தான் கடிதத்தில் சந்தை மதிப்பு, வரிக்கான மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். சந்தை மதிப்பு 5,00,000, வேலிக்குள் இருக்கும் மதிப்பு 4,00,000 என்றால், நீங்கள் போராடி 4,60,000க்கு இறக்கினாலும் அந்த ஆண்டு ஒரு டாலர்கூடக் குறையாது. இதைப் பார்க்காமல் மல்லுக்கு நின்று அலுத்தவர்களை எனக்குத் தெரியும். புதிதாக வீடு வாங்கிய எங்களுக்கோ வேலி அடுத்த ஆண்டுதான் தொடங்கவிருந்தது. 5,12,000 என்றால் 5,12,000தான்.

மூன்றாவது வீட்டில் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், முப்பது வருடமாக டெக்சஸ். கடிதத்தைக் காட்டினேன். "ப்ரொடெஸ்ட் போட்டாச்சா?" என்றார். கொடி பிடிப்பது என் கண்ணில் வந்து போனது. "அட, ஆட்சேப மனு தம்பி. மே 15க்குள்ள போட்டுரணும், இல்லைன்னா கடிதம் வந்த முப்பது நாளுக்குள்ள. எது பின்னால வருதோ அது. போயி உக்காருங்க, அவங்க ஒண்ணும் கடிச்சிரப் போறதில்ல." கூடவே இன்னொன்றும் சொன்னார்: "மொதல்ல உங்க வீட்டைப் பத்தி அவங்க என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு பாருங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எந்த வீட்டின் பதிவையும் பார்க்கலாம். எங்கள் வீடு 3,140 சதுர அடி என்றிருந்தது. கட்டியவர் கொடுத்த வரைபடத்தில் 2,860. மீதி 280 எங்கே? டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் மகளும் அளந்தோம். அவள்தான் கண்டுபிடித்தாள். எங்கள் கூடத்துக்கு மேலே மாடித் தளம் கிடையாது. நிமிர்ந்தால் கூரைதான் தெரியும். அந்த வெற்றிடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்து எழுதியிருந்தார்கள். அந்தரத்தில் இருக்கும் அறைக்கு வரி!

படம் எடுத்தோம், வரைபடத்தை இணைத்தோம், மனுவைப் போட்டோம். மனுவிலேயே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: விசாரணையில் அவர்கள் காட்டப்போகும் ஆதாரங்களின் பிரதி. பதினான்கு நாள் முன்பே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்டும் தராததை அவர்கள் விசாரணையில் பயன்படுத்த முடியாது.

முதல் சுற்று, மதிப்பீட்டாளரோடு பேச்சு. இளைஞர், பண்பாக நடந்துகொண்டார். படத்தைப் பார்த்ததும் அளவைத் திருத்தி 4,78,000 என்றார். பலர் இந்த இடத்தில் எழுந்து வந்துவிடுவார்கள், அதில் தவறில்லை. நான் அடுத்த சுற்றான மறுஆய்வு வாரியத்துக்குப் போகிறேன் என்றேன். காரணம், டெக்சஸ் சட்டத்தின் ஓர் அருமையான பிரிவு. உங்கள் வீடு அந்த விலைக்கு விற்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒத்த வீடுகளின் மதிப்பை, வயது, அளவு வித்தியாசங்களைச் சரிசெய்து வரிசையாக வைத்தால் நடுவில் நிற்கும் எண்ணைவிட உங்களுடையது அதிகம் என்றால், குறைத்தே ஆக வேண்டும். வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை வெளியிட வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் இல்லை. விற்பனை விலை சாமானியனுக்குச் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் அண்டை வீடுகளின் மதிப்பு எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. கையில் கிடைக்கும் ஆயுதம் அதுதான்.

மறுஆய்வு வாரியத்தில் உட்காருகிறவர்கள் அலுவலக ஊழியர்கள் அல்லர்; அதே கவுன்ட்டியில் குடியிருப்பவர்கள். எனக்கு மூன்று பேர். உறுதிமொழி வாங்கினார்கள். எங்கள் தெருவில் அதே கட்டுமானக்காரர் கட்டிய, அதே அமைப்புள்ள ஐந்து வீடுகளை ஒரே தாளில் எழுதி நீட்டினேன். வரி பாரம், வேலை நிலவரம் என்று நான் தயாரித்து வைத்திருந்த பேச்சை நல்லவேளையாகச் சொல்லவில்லை. அதைக் கேட்டு மதிப்பைக் குறைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. கால் மணி நேரத்தில் முடிந்தது. 4,68,000.

கடிதத்தில் வந்ததிலிருந்து 44,000 டாலர் குறைவு. வரியில் ஏறக்குறைய 990. அதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டின் பத்து சதவீத வேலி இந்தக் குறைந்த எண்ணின் மேல்தான் எழும்.

"கேட்கப் போய் ஏற்றிவிட்டால்?" என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். 2019 சட்டத்துக்குப் பிறகு, நீங்களாகக் கேட்டாலொழிய, அலுவலகம் வைத்த மதிப்புக்கு மேல் வாரியம் ஏற்ற முடியாது. மதிப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் அலுவலகத்தின் தலையில்தான். உங்களுக்காக வாதாட நிறுவனங்கள் உண்டு. மிச்சமாகும் வரியில் பங்கு கேட்பார்கள். நேரமில்லாதவர்கள் கொடுக்கலாம். ஆனால் வீட்டில் எந்தச் சுவர் வெடித்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சி வீட்டின் அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்கிவிட்டது. இங்குள்ள கரிசல் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். விரிசல்களைப் படமெடுத்து, பழுதுபார்க்க இரண்டு ஒப்பந்தக்காரர்களின் மதிப்பீட்டையும் வைத்து, அவரே தன் வீட்டு மதிப்பைக் குறைத்து வாங்கினார்.

அவருக்குப் போன வருடம் அறுபத்தைந்து முடிந்தது. அந்த வயதைத் தொட்ட வீட்டுச் சொந்தக்காரருக்குப் பள்ளி வரிக் கழிவு இப்போது மொத்தம் 2,00,000 டாலர். பள்ளி வரித் தொகையும் அந்த ஆண்டோடு உறைந்துவிடும். வீட்டைப் பெரிதாக்கினாலொழிய ஏறாது. மகன் வீட்டில் வந்து தங்கும் பெற்றோருக்கு இது பொருந்தாது, பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும். இத்தனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி, தன் வயதுக்கான விண்ணப்பத்தைப் போட மறந்தே போனார். சனிக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஓட்டுநர் உரிமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பூர்த்தி செய்தேன். "பிறந்த தேதி?" என்றேன். "அது ஸ்கூல்ல சேர்க்க வாத்தியார் போட்டது தம்பி" என்றார்.

உரிமத்தில் இருந்ததையே எழுதினேன்.